பிரிவுக்கு ஒருத்தர்

சைரன் அலறியபோது கீழ்த்தளத்தில் ஒருத்திகூட இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும்? மாதா மாதம் அலறுகிற சைரன்தானே. அண்ணி மட்டும் மடித்துக்கொண்டிருந்த டவலை அப்படியே போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போனதும் வழக்கம்போல வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்தை மைக்செட் தலை நிமிராமலே கேட்டாள்.

மைக்செட் என்பது பட்டப்பெயர். அவள் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும், திறந்த வாய் லேசில் மூடாது என்பதால் உடன் வேலை செய்கிறவர்கள் வைத்தது. அண்ணி அவளுக்குச் சொந்த அண்ணி, கூடப் பிறந்த அண்ணனின் பெண்டாட்டி. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் ஏறி இதே சலவைக் கம்பெனிக்கு வருவார்கள். ஆனால் நான்கைந்து மாதமாக அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாடு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேசமாட்டாள். அதற்கு இந்தச் சைரன்தான் காரணம். சரியாகச் சொன்னால், சைரனைப் பற்றி மைக்செட் திறந்த வாய்தான் காரணம்.

ஊரிலுள்ள ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் டவலும் வேன் வேனாக இங்கே வந்து இறங்கும். முன்பு எல்லா வேலையும், தரைமட்டத்துக்கும் கீழே இருக்கிற இந்தக் கீழ்த்தளத்தில்தான் நடந்தது. போன வெள்ளத்தில் துவைக்கிற இயந்திரங்கள் மூழ்கி நாசமானதும் முதலாளிக்குப் புத்தி வந்தது. புது இயந்திரங்களை மேல்தளத்தில் வைத்தார். இஸ்திரி போடுகிற, மடிக்கிற பெண்களைக் கீழேயே விட்டுவிட்டார். இயந்திரம் கெட்டால் புதிதாக வாங்க வேண்டும் அல்லவா? பெண்கள் கெட்டால் வாசலில் வேலை கேட்டு நிற்கிறவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டால் போதும். இதை மைக்செட் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், பிறகு சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வட்டாரமே ஒரு காலத்தில் ஏரி. லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கித் தொழிற்பேட்டை என்று பலகை வைத்தார்கள். கொக்குகளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்றைக்கும் நல்ல மழை பெய்தால் வண்டி நிறுத்துகிற இடத்தில் வந்து இறங்கி மீன் தேடும். தண்ணீரும் அப்படித்தான், தன் பழைய வீட்டை மறப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தாழ்வான இடத்தில் இருக்கிற கம்பெனிகள் எல்லாம் மாதம் ஒரு தடவை சைரன் அடித்து, ஆட்களை வெளியேற்றிப் பழக்க வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

முதல் ஒத்திகையில் எல்லாரும்தான் வெளியே போனார்கள். வெயிலில் வரிசையாக நின்று, படத்துக்குச் சிரித்து, திரும்பி வந்து பார்த்தால் துணி மலைபோலக் கிடந்தது. "மிச்சத்த முடிச்சிட்டுக் கிளம்புங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். இருட்டிய பிறகு பஸ்ஸுக்கு அலைந்து வீடு சேர்ந்தார்கள். மறுநாள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒத்திகை நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்று மைக்செட் வாதாடினாள். சூப்பர்வைசர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்ன கேட்டாரோ, திரும்பி வந்து, "வேணும்னா பிரிவுக்கு ஒருத்தர் வந்து நில்லுங்க, போதும். மத்தவங்க வேலையப் பாருங்க" என்றார். பெண்களுக்கு உயிர் வந்தது. எல்லாருக்கும் பதிலாக ஒருத்தி தப்பிப்பது என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். மைக்செட்டும் கை தூக்கினாள். அவளுக்கும் கால் வலிக்கும், அவளுக்கும் பஸ் போய்விடும்.

யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தது. அங்கேதான் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணிய அனுப்பிடலாம். அவங்க கை எப்படியும் மெதுவுதானே, ஒண்ணும் குறைஞ்சிடாது."

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வெந்துபோன விரல்களை வைத்துக்கொண்டு அண்ணி படுகிற பாடு அவளுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு கால் மணி நேரம் காற்றாட நிற்கட்டுமே என்று நினைத்தாள். ஆனால் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது எல்லாருக்கும் பரவியது. அண்ணி தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அன்று முதல் அவள்தான் பிரிவின் ஒப்புக்குச் சப்பாணி. அன்று முதல் வீட்டில் பேச்சும் நின்றது.

தாழ்ப்பாள் பிறகு வந்தது. சைரன் சாக்கில் இரண்டு பேர் போன் பேச நழுவினார்கள் என்று, கதவுக்கு வெளியே ஒரு கனத்த தாழ்ப்பாள் அடித்தார்கள். போகிறவளே போட்டுவிட்டுப் போக வேண்டும், வந்து திறக்க வேண்டும். "ஆளை உள்ள வச்சுப் பூட்டுறதுக்குப் பேரு பாதுகாப்பா?" என்று மைக்செட் கத்தினாள். "கொஞ்ச நேரம்தானேம்மா" என்றார் சூப்பர்வைசர். மற்றவர்களும் "விடுடி, உனக்கு எதுலயும் சண்டைதான்" என்றார்கள். அவளும் விட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

இன்று அண்ணி போய் வெகுநேரம் ஆகியும் தாழ்ப்பாள் திறக்கவில்லை. சைரனும் நிற்கவில்லை. கூரையை ஒட்டியிருந்த கம்பி போட்ட சின்ன ஜன்னல்களில் காலையிலிருந்து மழைதான் தெரிந்தது. சட்டென்று விளக்கு அணைந்தது, சைரனும் அடங்கியது. இஸ்திரிப் பெட்டிகள் டிக் டிக்கென்று ஆற ஆரம்பித்தன.

"என்னடி இது, படம் எடுக்கிறாங்களா, படம் ஓட்டுறாங்களா?" என்றாள் பெரியக்கா. அந்தப் பிரிவில் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள் அவள்தான். யாரும் சிரிப்பதற்குள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்ததால் புதுசு என்று அழைக்கப்பட்ட பெண் காலைத் தூக்கிக்கொண்டு வீலென்றாள்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டியது. பழுப்புத் தண்ணீர், டீசல் வாடை. பழைய இயந்திரங்கள் நின்ற இடத்தில் தரையோடு ஓர் அகலமான வடிகால் உண்டு. அதன் கம்பி மூடி வழியாகவும் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு மேலே வந்தது.

 மைக்செட் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவு, மலையைத் தள்ளுவது போலிருந்தது. முக உயரத்தில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே இருப்பது, மேல்தளத்துப் படிக்கட்டு பிரிகிற ஒரு குறுகிய நடை. அதன் கோடியில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இறங்கிவரும் சரிவுப் பாதை. அந்தப் பாதையில் தண்ணீர் படி இறங்குவது போலக் குதித்துக் குதித்து இறங்கி வந்தது. நடையில் அதற்குள் முழங்கால் ஆழம்.

"அண்ணி!" என்று கத்தினாள். "அண்ணி! கதவைத் திறங்க!"

மழைதான் பதில் சொன்னது.

பெரியக்கா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். "டவலை எடுங்கடி! சந்துல திணிங்க!" டவலுக்கா அங்கே பஞ்சம்? ஓட்டல் பேர் போட்ட வெள்ளை வெளேர் டவல்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கதவின் அடியில் திணித்தார்கள். வடிகால் மூடிமேல் விரிப்புகளைச் சுருட்டி அடைத்து, அதன் தலையில் துணி வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள். ஒரு சின்னக் கறை பட்டாலும் சம்பளத்தில் பிடிப்பார்களே, அந்தத் துணிகளைச் சேற்றில் மிதித்து அழுத்தியதில் புதுசுக்கு அந்த நிலையிலும் ஒரு சந்தோஷம் வந்தது. தண்ணீர் கணுக்காலோடு நின்றது.

நின்றதும் பயம் வந்தது. கை வேலையாக இருந்தவரை தெரியவில்லை. இப்போது வேலை முடிந்துவிட்டது, இருட்டில் நிற்கிறோம், கதவு வெளியே பூட்டியிருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. துணி ஏற்றுகிற லிப்ட் மின்சாரம் இல்லாமல் மேலே எங்கோ நின்றுவிட்டது. ஜன்னல்களுக்கு ஏணி வைத்தாலும் கம்பி விடாது. மேசைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி போனில் யார் யாரையோ அழைத்துப் பார்த்தாள், செல்போன் கோபுரமே போய்விட்டது போல ஒரு சத்தமும் இல்லை.

"உங்க அண்ணி வருவாங்கல்ல?" என்று புதுசு கேட்டாள்.

"வராம?" என்றாள் மைக்செட். சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஏன் வர வேண்டும்? கையை வைத்துக் கேலி செய்து சிரித்த கூட்டத்தை நோக்கித் தண்ணீருக்குள் இறங்கி வர அவளுக்கென்ன தலையெழுத்து? மேல்தளத்துக்குப் படியேறி ஒதுங்கியிருப்பாள். அதுதானே புத்திசாலித்தனம். அதற்குத்தானே அவளை அனுப்பினோம், எங்களுக்கெல்லாம் சேர்த்துத் தப்பித்துக்கொள் என்று?

அழுகை வந்தது. அழுதால் மற்றவர்களும் அழுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவில் டமடமவென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் முகம். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது, கோட்டு ஊறித் தொங்கியது. மைக்செட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாழ்ப்பாள் விலகுகிற சத்தமும் கேட்டது. உள்ளேயிருந்து எல்லாரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு மயிரிழை கூட அசையவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெளியே தண்ணீர் அதன்மேல் சாய்ந்து நின்றது.

"அண்ணி, அங்க எவ்ளோ தண்ணி?"

"இடுப்புக்கு வந்திடுச்சு. உள்ள?"

"கணுக்கால்தான். டவல வச்சு அடைச்சிட்டோம்."

அண்ணிக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது. சூப்பர்வைசர். மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டிருந்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அண்ணியோடு சேர்ந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், மூச்சிரைத்தது. பிறகு வாயைக் கண்ணாடியருகே கொண்டுவந்தார்.

"அடைப்ப எடுங்கம்மா! உள்ளயும் தண்ணி ஏறணும். ரெண்டு பக்கமும் சமமானாத்தான் கதவு விடும்!"

 பெரியக்கா வெடித்தாள். "என்னது? இருக்கிற தண்ணி போதாதுன்னு இன்னும் விடணுமா? எங்கள முக்கிக் கொல்லவா பாக்குறே?"

"சத்தியமா சொல்றேன்மா..."

"உன் சத்தியத்தக் கேட்டுத்தான் இந்தக் குழிக்குள்ள உக்காந்திருக்கோம்! கொஞ்ச நேரம்தானேம்மான்னு சொன்னவன்தானே நீ!"

அவள் சொன்னதில் தப்பில்லை. இத்தனை வருடம் அந்த மனுஷன் சொன்னது எதை நம்ப முடிந்தது? மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அவரும் சம்பளத்துக்கு மாரடிக்கிறவர்தான், பொய்யெல்லாம் அவருடைய சொந்தப் பொய்யும் இல்லை. ஆனால் சொன்னது அவர் வாய்தானே. இன்று அவர் உண்மையைச் சொல்லும்போது அதை எடுத்து வைக்க ஒருவர் மனத்திலும் இடமில்லை. பெண்கள் அடைப்புகளின்மேல் போய் நின்றுகொண்டார்கள், யாரும் எடுத்துவிடாதபடி.

மைக்செட் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். தண்ணீர் இப்போது அண்ணியின் மார்பை எட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீங்க மேல போயிடுங்க. ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க. போங்கண்ணி."

"போகமாட்டேன்."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன். அத மனசுல வச்சுக்காதீங்கண்ணி. எனக்காக நீங்க இப்படி நிக்கவேண்டாம். அண்ணன நினைச்சுப் பாருங்க."

அண்ணியின் கண்கள் கண்ணாடிக்கு மிக அருகில் வந்தன. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு அவள் நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"உனக்காக யாரு வந்தா? நீ சொன்னத நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா இந்தத் தாழ்ப்பாள போட்டது என் கை. ஒவ்வொரு மாசமும் என் கையாலதான் உங்களப் பூட்டிட்டுப் போய் வெயில்ல நின்னேன். இனிமே வீட்டுல போய் எந்தக் கையால சோறு தின்னுவேன், சொல்லு?"

மைக்செட் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். 

"அவர் சொல்றத நம்ப வேணாம்," என்றாள் அண்ணி. "நான் சொல்றேன். அடைப்ப எடு. நான் இங்கயே நிக்கிறேன். கதவு திறக்கலன்னா, உங்களோட எனக்கும் அதே தண்ணிதான்."

மைக்செட் திரும்பினாள். பேசிப் புரியவைக்க நேரமில்லை, பேச வரவும் இல்லை. குனிந்து கதவடியில் திணித்திருந்த டவலில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பெரியக்கா அவள் மயிரைக் கொத்தாகப் பற்றினாள். "கொலைகாரி! எல்லாரையும் சாகடிக்கப் போறியாடி!" வலியில் கண் கலங்கியது. மைக்செட் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த டவலை இழுத்தாள். கைமுட்டி இரும்பில் உரசித் தோல் போனது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. யாரோ கதறினார்கள்.

புதுசுதான் முதலில் அசைந்தாள். வடிகால்மேல் நின்ற துணி வண்டியைத் தனியாக முட்டித் தள்ளினாள். அது உருண்டதும் உள்ளே அடைத்திருந்த விரிப்பெல்லாம் பிய்த்துக்கொண்டு எழுந்து வந்தது, பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. பெரியக்காவின் பிடி தளர்ந்தது. மயிரை விட்டுவிட்டு மைக்செட்டின் தோளைப் பிடித்துக்கொண்டாள், விழாமலிருக்க.

முழங்கால். தொடை. ஜில்லென்று அடிவயிறு. பிறகு மார்பு. மேசைகள் மிதந்து ஒன்றோடொன்று முட்டின. தன் மூச்சுச் சத்தம் தன் காதிலேயே இரைய, நான் தப்புச் செய்துவிட்டேன், இவர்களை நான்தான் கொன்றேன் என்று மைக்செட் நினைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் எல்லார் முகமும் சாம்பல் நிறமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அண்ணியின் கழுத்துவரை தண்ணீர். அவள் முகம் அங்கேயே இருந்தது.

"தள்ளுங்க!" என்றாள் அண்ணி.

தள்ளினார்கள். கதவு முனகியது. விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியில் முதலில் வந்தது அண்ணியின் கைதான், வெந்து சுருங்கிய அந்த விரல்கள். கதவின் விளிம்பை வளைத்துப் பிடித்து இழுத்தன. சூப்பர்வைசர் சுவரில் காலை ஊன்றிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். உடம்பு நுழைகிற அளவுக்குக் கதவு விட்டது.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வெளியே வந்தார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஜடையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நடையைக் கடந்து படிக்கட்டை எட்டினார்கள். குள்ளமான புதுசைப் பெரியக்கா அக்குளில் இடுக்கித் தூக்கிவந்தாள். மைக்செட் கடைசியாக வந்தாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. படியில் ஏறிய பிறகும் அவள் கையை விடவில்லை.

மேல்தளத்துக்குப் போகிற கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தது. ஆபீஸ்காரர்களும் மேல்தளத்து ஆட்களும் மழை எச்சரிக்கை வந்ததுமே காலையில் கிளம்பிவிட்டார்களாம், இயந்திரங்களைப் பூட்டிவிட்டு. "சாவி என்கிட்ட இல்லம்மா" என்றார் சூப்பர்வைசர். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு குறுகி நின்றார். படிக்கட்டின் திருப்பத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கீழே தண்ணீர், மேலே சங்கிலி. பெரியக்கா கைக்கு அகப்பட்ட தலைகளையெல்லாம் துடைத்துவிட்டாள், மைக்செட்டின் தலையையும்தான்.

அப்போது மறுபடியும் சைரன் அலறியது. இது அவர்களுடையதல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம், சற்று மேட்டில் இருந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் சைரன். எல்லாரும் படிக்கட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள்.

பக்கத்துக் கட்டடத்தின் வாசல் திறந்தது. ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட ஓர் ஆள் வெளியே வந்தான். ஒரே ஆள். கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். மழைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்து நடுவில் வந்து நின்றான். வாசல் கேட்டின் அடியில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. படம் எடுக்க ஆள் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "கதவைத் திறப்பா! ஆளுங்கள வெளிய விடு!"

மழை அதை விழுங்கியது. மைக்செட் கத்தினாள், பெரியக்கா கத்தினாள், சூப்பர்வைசர் கம்பியில் செருப்பால் அடித்தார். எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கத்தினார்கள், தொண்டை கிழிய, திற, திற, திற என்று.

அவன் அண்ணாந்து பார்த்தான். அவர்களைப் பார்த்தான், காலடியில் வந்துவிட்ட தண்ணீரைப் பார்த்தான். பிறகு திரும்பி, தான் பூட்டிவிட்டு வந்த கதவை நோக்கி ஓடினான்.